மரங்களிடையே நின்ற சுஜாதை

கலாசாலை வளாகத்தில் நிற்கும் சிற்பத்தை நாள்தோறும் கடந்து செல்வோர் பலர். கண்டவரின் உள்ளம் அசைந்து, அதனால் அவ்விடத்தின் தோற்றமே மாறிய வரலாறுகள் சிலவே. வங்காளத்துச் சாந்திநிகேதனத்தில் அத்தகைய வரலாறொன்று உண்டு.

இலங்கையர்க்கு அந்நிலையம் அந்நியமன்று. 1934ஆம் ஆண்டில் இங்கு வந்த கவி தாகூர், அதன் நெறியைப் பின்பற்றி ஹொறணையில் எழுந்த ஸ்ரீபாலி கலாசாலைக்கு அடிக்கல் நாட்டினார். மறு ஆண்டில்தான் அந்தச் சிற்பம் பிறந்தது.

அதனை ஆக்கியவர் இராம்கிங்கர் பைஜ். 1906இல் பாங்குராவில் எளிய குடும்பமொன்றிற் பிறந்தவர். 1925இல் கலாபவனத்து மாணவராய் வந்தவர். வளாகத்து யூக்கலிப்டஸ் மரங்களின் நடுவே, அம்மரங்களைப் போலவே மெலிந்து நெடிதுயர்ந்த பெண்ணுருவொன்றை அவர் எழுப்பினார். அங்கு பயின்ற சென்னைப் பெண்ணாகிய ஜெயா அப்பாசாமியின் சாயலே அவ்வுருவிற்கு மூலம் என்பர். அவர் பின்னாளில் ஓவியராகவும் கலை விமரிசகராகவும் புகழ்பெற்றார். உருவைக் கண்ட ஆசிரியர் நந்தலால் போஸ், தலைமீது ஒரு பாயசக் கலயத்தை வைக்குமாறு கூறினார். கலயம் ஏறியதும், மாணவியின் உருவம் புத்தருக்குப் பாயசம் அளித்த சுஜாதையாயிற்று! ஆசிரியர் ஒரு சொல்லால் மாணவரின் படைப்புக்குப் பெயரும் பொருளும் தந்தது அழகிய நிகழ்ச்சியே.

தாகூரும் அதனைக் கண்டார். செய்தவர் யார் என வினவி, இராம்கிங்கரை அழைத்து வரச் செய்தார். கண்டிப்பை எதிர்பார்த்து அஞ்சியே சிற்பி சென்றார் என்று சொல்வதுண்டு. கவியோ, இந்த வளாகம் முழுவதையும் இவ்வாறே சிற்பங்களால் நிரப்பிவிடுமாறு பணித்தாராம். முதிய கவியின் இரசனை இளஞ்சிற்பிக்கு ஒரு வெளி முழுவதையும் திறந்துவிட்டது.

அதன் பயனாக 1938இல் எழுந்தது சந்தாலக் குடும்பம். வெண்கலத்துக்கும் பளிங்குக்கும் பணம் ஏது? இரும்புக் கம்பிச் சட்டத்தின்மேல் செம்பூரான் கற்களைக் கலந்த சீமெந்தை அள்ளி வீசி, அது இறுகுமுன் செதுக்கினார். சீமெந்து எவருக்கும் காத்திராது என்பதைக் கல்முனைக்குடியில் வீடு கட்டும் மேசன்மார் நன்கறிவர்; கை தயங்கினால் வேலை கெடும். இச்சிற்பத்தின் கரடுமுரடான மேனியில் அந்த வேகம் இன்றும் தெரிகிறது. காவடிக் கூடையிலே பிள்ளையைச் சுமந்து தந்தை நடக்கிறான்; தாய் உடன் செல்கிறாள்; நாயும் கூடவே ஓடுகிறது. குடியிருப்பைப் பெயர்த்துப் பிழைப்புத் தேடிப் புறப்பட்ட கூலி மக்கள் இவர்கள்.

நகரச் சதுக்கங்களில் ஆளுநர்களும் அரசர்களும் பீடங்களின்மேல் நின்ற காலமது. அக்காலத்தில் அயற்கிராமத்து உழைப்பாளிகளை ஆளுயரத்தினும் பெரியவர்களாக்கி நிறுத்தியது துணிவான செயல். இந்தியாவின் நவீன பொதுவெளிச் சிற்பங்களுள் இதற்கே பலர் முதலிடம் தருகின்றனர். அந்தச் சந்தால மக்களே அவ்வழியாக வேலைக்குச் சென்று வந்தனர் என்பதையும் மறத்தலாகாது.

தாகூர் 1941இல் மறைந்தார். இராம்கிங்கரின் கை ஓயவில்லை. 1956இல், ஆலைச் சங்கு கேட்டு ஓடும் சந்தாலப் பெண்களை அதே சீமெந்தில் வடித்தார். 1980இல் அவரும் காலமானார். வெயிலிலும் மழையிலும் நிற்கவென்றே அவர் படைத்த சந்தாலக் குடும்பத்தின்மேல் பிற்காலத்தார் ஒரு கூரை அமைத்துள்ளனர்.