சிவனொளிபாதமலை

இலங்கை மத்திய மலைநாட்டின் தென்மேற்கு விளிம்பில் 2,243 மீட்டர் உயரத்துக்குக் கூம்பாக எழும் சிகரம். உச்சிப் பாறையிலுள்ள பாதவடிவப் பள்ளத்தைப் பௌத்தர் புத்தரின் சுவடென்பர், சைவர் சிவனுடையதென்பர், முஸ்லிம்களுக்கு அது ஆதம் நபியுடையது, கிறிஸ்தவருள் சிலர் புனித தோமையாருடையதெனக் கருதுவர். உரிமை கொண்டாடுவோர் பலராயினும் ஏறும் படிகள் எல்லோருக்கும் பொது. மலையின் காவல் தெய்வமாகச் சமன் வணங்கப்படுகிறார்.

1344இல் இங்கு ஏறிய மொரோக்கோ நாட்டுப் பயணி இபன் பதூதா, செங்குத்துப் பாறையில் பற்றி ஏறச் சங்கிலிகள் பொருத்தப்பட்டிருந்ததைக் குறித்துள்ளார். அவை இல்லாவிட்டால் அக்காலத்தில் உச்சியை எட்டியவர் சிலரே இருந்திருப்பர்.

யாத்திரைப் பருவம் டிசம்பர் முழுநிலாவில் தொடங்கி மே மாத வெசாக் வரை நீடிக்கும். பிற மாதங்களில் மழையும் மூடுபனியும் வழியை மறைக்கும். மஸ்கெலியாவை அடுத்த நல்லதண்ணி வழி குறுகியது. தேயிலைத் தோட்டத் தமிழர் பலர் இதிலேயே ஏறுகின்றனர். இரத்தினபுரி வழி நீண்டது, கடினமானது. இரவில் ஏறி விடியலில் உச்சியை அடைவது வழக்கம். கதிரவன் எழுகையில் மலையின் நிழல் மேற்கே முக்கோணமாக விழும். பக்தியின்றி இதைக் காண மட்டும் வருவோரும் உளர். சூழவுள்ள காடு 2010இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்ட மத்திய மலைநாட்டின் ஒரு பகுதி.