நகரப் பெயரும் நகரச் சின்னமும்: பெர்லின் கரடியை முன்வைத்து ஓர் ஆய்வு

ஐரோப்பியத் தலைநகரங்கள் சிலவற்றின் மரபுச் சின்னங்கள் அந்நகரங்களின் பெயர் வரலாற்றுக்குச் சான்றாக எடுத்துக்காட்டப்படுவதுண்டு. பெர்லின் நகரச் சின்னத்தில் கரடி நிற்கின்றது. ஜெர்மன் மொழியில் கரடி 'பேர்' எனப்படும். ஆகவே நகரின் பெயர் கரடியினின்றும் பிறந்தது என்பது இவ்வகை விளக்கங்களுள் பலரும் அறிந்த ஒன்று. மொழியியல் நோக்கில் இம்முடிவு ஏற்கத்தக்கதன்று. ஆயின், முடிவு பிழையானது என்பதனால் சின்னத்தையே சான்றன்று எனத் தள்ளிவிடுதலும் பொருந்தாது. அது எதற்குச் சான்று என்பதே ஆராயத்தக்கது.

மேற்கு ஐரோப்பாவில் கேடயச் சின்னங்கள் 12ஆம் நூற்றாண்டில் உருப்பெற்றன. தலைக்கவசத்தால் முகம் மறைந்த வீரனைக் கேடயத்தில் தீட்டிய உருவம் கொண்டு அடையாளம் கண்டனர் என்பது பொதுவான விளக்கம். நகரங்களின் நிலை வேறு. நகரச் சின்னம் பெரும்பாலும் போர்க்களத்திற் பிறந்ததன்று, ஆவணத்திற் பிறந்தது. நகர மன்றம் தான் வழங்கிய உரிமைப் பட்டயங்களை மெழுகு முத்திரையிட்டு உறுதி செய்தது. எழுத்தறியாதாரும் அம்முத்திரை எவ்வூருடையது என அறிதல் வேண்டும். அதற்கு எளிய வழி, ஊர்ப்பெயரைக் கேட்டவுடன் மனத்தில் எழும் பொருளையே உருவமாகப் பொறித்தல். இவ்வாறு பெயரை ஒலியால் நினைவூட்டும் சின்னத்தைப் பிரெஞ்சு மொழியினரும் ஜெர்மானியரும் 'பேசும் சின்னம்' என்றே வழங்குவர்.

எல்லா நகரச் சின்னங்களும் இவ்வகையின அல்ல. பாரிசு நகரின் கப்பல் அந்நகர்ப் பெயரோடு தொடர்புடையதன்று. சேன் ஆற்று வாணிகத்தைத் தம் கையில் வைத்திருந்த வணிகர் குழுவின் முத்திரையினின்றும் வந்தது. மறுபுறம், பவேரியாவின் தலைநகரான மூனிக்கின் சின்னத்தில் துறவி நிற்கின்றார். 1158ஆம் ஆண்டு ஆவணத்தில் 'முனிகென்' எனக் காணப்படும் அப்பெயருக்குத் 'துறவியர் இடம்' என்பதே பொருள். இங்குச் சின்னம் பெயரை உள்ளவாறே பேசுகின்றது.

பெர்லினின் நிலை இவ்விரண்டினின்றும் வேறுபட்டது. அந்நகரின் முதல் முத்திரை 1253ஆம் ஆண்டைச் சார்ந்தது. அதில் கரடி இல்லை; பிராண்டன்பர்க் ஆட்சியாளரின் கழுகே உள்ளது. 1280இல் உரோமத்தோல் வினைஞர் குழுவுக்கு வழங்கப்பட்ட பட்டயத்தின் முத்திரையிலேயே கரடி முதன்முதலாகத் தோன்றுகின்றது. நடுவில் கழுகுக் கேடயம். இருமருங்கும் இரு கரடிகள். பிராண்டன்பர்க் ஆட்சிக்கு 1157இல் அடிகோலிய ஆல்பிரெக்ட் 'கரடி' என்னும் சிறப்புப் பெயர் பெற்றவர். அவர் நினைவாகவே கரடி பொறிக்கப்பட்டது என்பாரும் உளர். ஆல்பிரெக்ட் மறைந்தது 1170இல். அவர் நினைவே காரணமாயின், காலத்தால் அவருக்கு அணித்தாகிய 1253ஆம் ஆண்டு முத்திரையிலன்றோ கரடி இருந்திருத்தல் வேண்டும்? மேலும், அவர் மரபினர் தமக்கெனக் கொண்ட சின்னம் கழுகே. எனவே இவ்விளக்கம் வலுவற்றது.

இனி, பெயரை நோக்கலாம். பெர்லின் அமைந்த நிலப்பகுதியில் ஜெர்மானியர் குடியேற்றத்திற்கு முன்னர் ஸ்லாவிய மக்கள் வாழ்ந்தனர். பெயரின் பகுதி சதுப்பு நிலத்தைக் குறிக்கும் 'பெர்ல்' அல்லது 'பிர்ல்' என்னும் மேலை ஸ்லாவிய அடிச்சொல் எனவும், 'இன்' என்பது இடப்பெயர் ஆக்கும் ஸ்லாவிய விகுதி எனவும் அறிஞர் பெரும்பாலோர் கொள்வர். ஷ்பிரே ஆற்றங்கரையின் ஈர நிலத்திற்கு இப்பொருள் இயைவதே. இதனை உறுதிப்படுத்தும் அகச்சான்று அசையழுத்தம். ஜெர்மன் மொழியின் இயற்சொற்களில் அழுத்தம் பொதுவாக முதலசையில் விழும். பெர்லின், ஷ்வெரின், ஷ்டெட்டின் ஆகிய பெயர்களிலோ ஈற்றசையில் விழுகின்றது. கரடிக்குட்டி எனப் பொருள்படும் ஜெர்மன் சொல்லினின்றும் இப்பெயரைப் பெறுவோர் இவ்வழுத்தத்திற்கு விடை கூற இயலாது.

அவ்வாறாயின் 1280ஆம் ஆண்டு முத்திரை கூறுவது யாது? அதனைச் செய்வித்த நகரத்தார்க்குப் 'பெர்லின்' என்பது பொருள் விளங்காத பெயராகிவிட்டது என்பதையே அது கூறுகின்றது. இடைக்கால ஜெர்மன் மொழியில் கரடியைக் குறித்த சொல்லின் வடிவம் 'பெர்'. ஊர்ப்பெயரின் முதலசையில் அவர்கள் கேட்டது அதனையே. பொருள் மங்கிய பெயருக்குத் தம் மொழியிலிருந்து புதுப்பொருள் காணும் இந்நிகழ்வை நாட்டார் சொற்பிறப்பு என்பர். அது வாய்மொழியாக நிகழ்வதால், எக்காலத்தது என வரையறுத்தல் பெரும்பாலும் இயலாது. முத்திரை அவ்வரையறையைத் தருகின்றது. இடப்பெயராய்வுக்கு இது அரிய வாய்ப்பு. ஆவணங்களில் 1237இல் கோல்ன் என்னும் இரட்டை ஊரும் 1244இல் பெர்லினும் முதன்முதலாகக் குறிக்கப்பெறுகின்றன. அதன்பின் ஒரு தலைமுறைக் காலத்திற்குள்ளேயே நகர மன்றத்தாரிடையே ஸ்லாவியப் பொருளுணர்வு மறைந்திருந்தது, அல்லது அவ்வுணர்வுடையார் குரல் மன்றத்தில் ஒலிக்கவில்லை. இவ்விரண்டனுள் எது என முத்திரை கூறாது. கரடி நிற்குமிடத்தில் ஒரு மொழி மறைந்துள்ளது என்பது மட்டும் தெளிவு.

ஒலியால் வந்த விலங்கு விரைவில் அரசியற் பொருள் பெற்றது. ஆட்சியாளர் இரண்டாம் பிரீட்ரிக் நகரின் தன்னுரிமைகளைப் பறித்துக் கோல்னில் அரண்மனை எழுப்பத் தலைப்பட்டபோது, 1448இல் மக்கள் கிளர்ந்தெழுந்தனர்; கட்டுமான நிலத்தை வெள்ளக்காடாக்கினர். கிளர்ச்சி அடங்கியது. பின்னர் வந்த 1460ஆம் ஆண்டு முத்திரையில் கரடி நான்கு காலில் நிற்கின்றது. கழுகு அதன் முதுகில் நகம் பதித்து அமர்ந்துள்ளது. கரடி நகரத்தார், கழுகு ஆட்சியாளர் என விளக்கவுரை தேவையில்லை. பெர்லின், கோல்ன் முதலிய ஐந்து ஊர்களை ஒன்றாக்க 1709இல் ஆணை பிறந்தபின், கரடி மீண்டும் இருகாலில் எழுந்தது. எனினும் மேலே பிரஷ்யக் கழுகும் பிராண்டன்பர்க் கழுகும் இடம்பெற்றன. கழுகுகள் மறைந்து கரடி தனித்து நின்றது 20ஆம் நூற்றாண்டில்தான். மேற்குப் பெர்லின் 1954இல் சட்டத்தால் ஏற்ற வடிவம், 1990இல் நகர் ஒன்றிணைந்தபின் முழு நகருக்கும் உரியதாயிற்று.

சுவிட்சர்லாந்தின் கூட்டாட்சி நகராகிய பெர்னும் கரடிச் சின்னம் உடையது. 1191இல் நகரை நிறுவிய சேரிங்கன் குலத்து ஐந்தாம் பெர்க்டோல்டு, வேட்டையில் முதலில் வீழ்ந்த விலங்கின் பெயரையே நகருக்கு இட்டார் என்பது கதை. 1224ஆம் ஆண்டு முத்திரையிலேயே கரடி உள்ளது. வேட்டைக் கதையைக் கூறும் யுஸ்டிங்கரின் நகர வரலாறோ 15ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்டது. கதை சின்னத்தைப் பிறப்பிக்கவில்லை, சின்னமே கதையைப் பிறப்பித்தது எனக் கொள்வது தகும். இத்தாலிய வெரோனா நகருக்கு இடைக்கால ஜெர்மன் மொழியில் வழங்கிய 'பெர்ன்' என்னும் பெயரே இங்கு இடப்பட்டது என்று முன்னர்ப் பலர் கருதினர். 1980களில் பெர்னுக்கு அருகே கண்டெடுக்கப்பட்ட துத்தநாகத் தகட்டில் 'பிரெனோடோர்' என்னும் கால் மொழி இடப்பெயர் காணப்பட்டது முதல், பெயர் கெல்டிய மூலமுடையது என்னும் கருத்து வலுப்பெற்றுள்ளது. நகரத்தாரோ உயிருள்ள கரடிகளை நூற்றாண்டுகளாக வளர்த்து வருகின்றனர்; பழைய கரடிக் குழிக்கு மாற்றாக 2009இல் ஆற்றங்கரையில் பூங்கா ஒன்றும் அமைத்துள்ளனர்.

மாட்ரிட் நகரின் சின்னத்தை இவற்றோடு ஒருங்கு வைத்தல் சிலரது வழக்கம். அங்குக் கரடி ஒரு மரத்தைப் பற்றி நிற்கின்றது. 'மாத்ரோன்யோ' என்னும் அம்மரப்பெயர் நகர்ப்பெயரோடு ஒலியொப்புமை உடையது. இங்கு எச்சரிக்கை தேவை. 'மஜ்ரித்' என்னும் அரபு வடிவின் வழிவந்த அந்நகர்ப்பெயரின் மூலம் குறித்து அறிஞரிடையே ஒருமித்த கருத்து இல்லை. மரம் சின்னத்தில் இடம்பெற்றமைக்கோ 13ஆம் நூற்றாண்டு வழக்கொன்று காரணமாகக் கூறப்படுகின்றது: நகர மன்றத்தாரும் திருச்சபையாரும் காட்டையும் மேய்ச்சல் நிலத்தையும் குறித்துப் பூசலிட்டு, மரங்கள் மன்றத்தார்க்கும் புல்வெளி திருச்சபையார்க்கும் உரியன என உடன்பட்டனர் என்பர். அவ்வாறாயின் அம்மரம் பேசுவது பெயரையன்று, உடைமையை. மரம் மாத்ரோன்யோ எனக் கொள்ளப்பட்டதில் ஒலியொப்புமைக்குப் பங்கு இருத்தல் கூடும். ஆயினும் பெர்லின் முத்திரையைப் போல ஆண்டு சுட்டிப் பொருள்மங்கலை இதனைக்கொண்டு நிறுவுதல் இயலாது.