யுரேனியம் தேடிய கருவி

காமாக் கதிர் அளவிடும் வேலையில் இருந்தவன் நான். எங்கள் கருவி பிறந்தது மண்ணைப் பார்க்க அல்ல. இரண்டாம் உலகப் போருக்குப் பின் நாடுகள் யுரேனியத்துக்கு அலைந்தபோது, அதை வானிலிருந்தே தேடுவதற்காக. உள்ளே இருப்பது சோடியம் அயோடைடு படிகம். கதிர் பட்டதும் அதில் கண்ணுக்குத் தெரியாத அளவில் ஓர் ஒளிப்பொறி தெறிக்கும். பொறியின் பலத்தை வைத்து, வந்தது பொட்டாசியமா, யுரேனியமா, தோரியமா என்று பிரித்துவிடலாம்.

2005, 2006 ஆண்டுகளில் வட அயர்லாந்து முழுவதும் இப்படி அளந்தார்கள். விமானம் 200 மீட்டர் இடைவெளியில், நாட்டுப்புறத்தில் வெறும் 56 மீட்டர் உயரத்தில் பறந்தது. சில மேட்டு நிலங்களில் கதிர் சட்டென்று அடங்கியது. அங்கே இருந்தது பீட்: முழுதாக மக்காத பாசியும் புல்லும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்த கருஞ்சேறு. ஊர்மக்கள் வெட்டிக் காயவைத்து அடுப்பெரித்ததும் இதைத்தான். அதன் பெரும்பகுதி தண்ணீர். பாறையிலிருந்து எழும் கதிரை அது விழுங்கிவிடுகிறது. கதிர் குறைந்த இடத்தில், அந்தச் செடிகளில் இருந்த கார்பன் குவிந்திருக்கிறது! எத்தனை அழகான தலைகீழ்க் கணக்கு இது.

ஆனாலும் அரை மீட்டர் ஈரப் பீட்டே கதிரில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். அதற்குக் கீழே எவ்வளவு ஆழம் என்பதை இன்றும் பெரும்பாலும் கம்பியை இறக்கித்தான் பார்க்கிறார்கள்.