பொம்மைக்குள் இருந்த ஞாபகம்

போன பெருநாளைக்குப் பிறகு தரம் 5 மாணவன் ஒருவன் சொன்னான்: "சேர், பெருநாள் காசு முழுக்கக் குடுத்து கேமுக்குள்ள ஒரு உடுப்பு வாங்கினன்." எங்கே, காட்டு என்றேன். "அது உம்மாட போனுக்குள்ள சேர்." அவன் கையில் ஒன்றும் இல்லை.

அன்று அவனுக்குச் சொன்ன கதையை உங்களுக்கும் சொல்கிறேன்.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 'டோய்ஸ் ஃபோர் பொப்' என்று ஒரு சிறிய கேம் நிறுவனம். 1989இல் போல் ரீஷும் ஃப்ரெட் ஃபோர்டும் தொடங்கியது. 2005இல் அதை அக்டிவிஷன் என்ற பெரிய கம்பனி வாங்கியது. 2008க்குப் பின், 'ஸ்பைரோ' என்ற பழைய டிராகன் பாத்திரத்தை வைத்துப் புதிதாக ஏதாவது செய்ய வேண்டிய நிலை வந்தது. அங்கே வேலை செய்த ஐ-வே ஹுவாங் ஓய்வு நேரத்தில் நீராவியில் ஓடும் ரோபோ செய்பவர். ரொபர்ட் லேலண்ட் மின்னணுச் சாமான்களைக் குடைந்து பார்ப்பவர். பொம்மையை ஒரு மேடையில் வைத்தால் அது திரைக்குள் உயிர்பெற வேண்டும் என்ற யோசனை இப்படியானவர்களின் கையில்தான் உருவானது.

2011 ஒக்டோபரில் 'ஸ்கைலேண்டர்ஸ்' வெளிவந்தது. பொம்மையில் பற்றரி இல்லை. அடியில் ஒரு சின்னச் சிப் மட்டும். ஹோட்டல் அறைக் கதவைத் திறக்கும் அட்டையைப் போல, மேடையில் வைத்தவுடன் மேடையே அதற்கு மின்சாரம் கொடுக்கும். பிள்ளை சேர்த்த காசு, எட்டிய மட்டம், பொம்மைக்கு வைத்த பெயர் எல்லாம் அந்தச் சிப்பிலேயே பதிவாகும். பொம்மையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கூட்டாளி வீட்டுக்குப் போகலாம். அவனிடம் வேறு கம்பனியின் கேம் மெஷின் இருந்தாலும், விட்ட இடத்திலிருந்து அந்தப் பொம்மை வளரும். பிள்ளையின் உழைப்பு பிள்ளையின் கையிலேயே இருந்தது. கூடி விளையாட ஒரு காரணமும் கிடைத்தது.

ஆனால் அதே கேமுக்குள் இன்னொன்றும் இருந்தது. நெருப்பு, நீர், காற்று என்று பொம்மைகளில் எட்டு வகை. முதல் பெட்டியில் வந்தவையோ மூன்று பொம்மைகள், மூன்று வகை. அவற்றை வைத்துக் கதையை முடிக்கலாம், உண்மைதான். ஆனால் வழியெல்லாம் மற்ற வகைகளுக்கான பூட்டிய கதவுகள் நிற்கும். அந்தக் கதவைப் பார்த்த பிள்ளை வாப்பாவிடம் என்ன கேட்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

2015 ஆகும்போது 240 மில்லியனுக்கும் மேற்பட்ட பொம்மைகள் விற்றிருந்தன. மற்றவர்களும் ஓடிவந்தார்கள். 2013இல் டிஸ்னி, 2014இல் நின்டெண்டோ, 2015இல் லெகோ. ஸ்கைலேண்டர்ஸும் வருடத்துக்கு ஒரு புதுக் கேம் போட்டது. பழைய பொம்மை புதுக் கேமில் வேலை செய்யும். புதுப் பொம்மை பழைய கேமில் வேலை செய்யாது. சில வருடங்களில் மேடையையே புதிதாக வாங்க வேண்டும். வீட்டு அலுமாரியும் நிறைந்தது, கடைத் தட்டும் நிறைந்தது. 2016 மே மாதம் டிஸ்னி நிறுத்துவதாக அறிவித்தது. ஸ்கைலேண்டர்ஸின் கடைசிப் பெரிய கேமும் அதே வருடம்தான். அடுத்த வருடம் லெகோவும் நிறுத்தியது.

தொடக்கத்தில் பிள்ளை எதை விரும்பும் என்று பார்த்துச் செய்தார்கள். பிறகு பிள்ளை இன்னும் எத்தனை வாங்கும் என்று பார்த்துச் செய்தார்கள். ஆறு வருடத்துக்குள் கதை முடிந்தது.

ஆனாலும் ஒன்று மிஞ்சியது. அந்தப் பொம்மையை இன்றைக்கும் பழைய மெஷினின் மேடையில் வைத்தால், பிள்ளை வைத்த பெயரோடு எழும்பி நிற்கும். மெஷின் இல்லாவிட்டாலும் அது ஒரு டிராகன் பொம்மை, தம்பிக்குக் கொடுக்கலாம். என் மாணவன் வாங்கிய உடுப்பு அப்படியில்லை. அந்தக் கம்பனி கடையை மூடும் நாளில் அதுவும் போய்விடும்.

உம்மா வாப்பாமாரிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பிள்ளை கேமுக்குக் காசு கேட்டால் உடனே ஏசாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு கேள்வி கேளுங்கள்: "இதில் பூட்டிய கதவு எத்தனை மகன்? கேமை மூடினால் உன் கையில் என்ன இருக்கும்?"

அந்தக் கணக்கைப் பிள்ளையே போடட்டும்.