ஊத்தாவும் இழுவலையும்: சங்கரன்கோவில் வட்டாரக் குளத்து மீன்பிடிப்பு

கடலுக்கு எட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் கரிசல் காட்டுக்கும் நடுவே கிடக்கும் சங்கரன்கோவில் வட்டாரத்தில், கரிவலம்வந்தநல்லூரை ஒட்டி ஓடும் நிட்சேப நதி உட்பட நீரோடைகள் ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடப்பதால், ஐப்பசி, கார்த்திகை மழையைத் தேக்கும் குளங்களே நெல்லுக்கும் நன்னீர் மீனுக்கும் ஆதாரமாயின. நெல்லைச் சீமையில் குளம் என்பதையே மதுரை, இராமநாதபுரம் பக்கம் கண்மாய் என்றும், வட மாவட்டங்களில் ஏரி என்றும் வழங்குவர். பாசனம் முடிந்து, சித்திரை, வைகாசியில் நீர் முழங்கால் அளவுக்கு வற்றும்போதுதான் மீன் பிடிப்பார்கள் என்பதால், கருவியின் வடிவத்தை முடிவுசெய்தது வற்றும் நீரின் ஆழமே.

குளத்து மீனுக்கு உரிமை கொண்டாடும் வழக்கம் மிகப் பழையது. இடைக்காலக் கல்வெட்டுகளில் வரும் பாசிப்பாட்டம் என்ற வரிச்சொல் மீன்பிடி உரிமைக்குச் செலுத்திய தொகையைக் குறிக்கிறது. அச்சொல்லின் எச்சமே, குளத்தை மீனுக்காக ஏலம் விடுவதைச் சுட்டும் 'மீன்பாசி குத்தகை' என்ற இன்றைய வழக்கு. குத்தகைக்காரர் தம் மீனை எடுத்தபின், அல்லது குத்தகைக்கே விடாமல், குளத்தை எல்லோருக்கும் திறந்துவிடுவதை மதுரை, சிவகங்கைப் பகுதியினர் அழிகண்மாய் என்பர். 

அழிகண்மாய் நாளின் தலைமைக் கருவி ஊத்தா. மூங்கில் அல்லது பிரம்புச் சிம்புகளைக் கட்டி, அடி அகன்றும் மேல்வாய் ஒரு கை நுழையும் அளவுக்குக் குறுகியும், இரு முனையும் திறந்திருக்குமாறு முடைந்த கூடை அது. சேறு கலங்கிய நீரில் நடந்துகொண்டே அதைக் குத்திக் குத்தி எடுப்பவர், உள்ளே அகப்பட்ட மீன் சிம்பில் மோதும் அதிர்வைக் கையால் உணர்ந்து, மேல்வாய் வழியாகத் துழாவிப் பிடிப்பார். நீரின் ஆழத்துக்கும் பிடிப்பவரின் கைநீளத்துக்கும் பொருந்தாத ஊத்தா பயன்படாது. ஆகவே அளவெடுத்துச் செய்யும் கருவி என்பது இங்கே புதுமையன்று. ஒரு தடவைக்கு ஒரு மீன் என்பதே அதன் இயல்பு. அந்த ஒரு மீனை என்ன செய்வது என்பது பிடித்தவர் கையில் இருந்தது.

பெரும்பாலும் அது உயிரோடு அப்படியே பறி என்னும் மீன்கூடைக்குள் போடப்பட்டது. விராலுக்குச் செவுளின் மேற்புறத்தில் காற்றை நேரடியாகச் சுவாசிக்கும் அறை உண்டு; உடல் ஈரமாக இருந்தால் நீருக்கு வெளியே மணிக்கணக்கில் உயிர் தாங்கும். பனிக்கட்டி இல்லாத காலத்தில் இந்த நீண்ட சாவே மீன் கெடவில்லை என்பதற்கு உத்தரவாதமாகி, உயிரோடு விற்ற விராலுக்கு விலை கூடியது. வழுக்காமலிருக்க உயிர்மீனைச் சாம்பலில் புரட்டுவதும், மண்ணைக் கக்கட்டும் என்று அயிரையைப் பாலில் விடுவதும் சமையற்கட்டின் சாதாரண வேலைகளாயின.

சட்டம் மீனைப் பற்றிப் பேசியபோதும், மீன் எப்படிச் சாகிறது என்பதை முதலில் தொடவில்லை. பிரிட்டிஷ் இந்தியாவின் நன்னீர் மீன்வளத்தை ஆராய்ந்த பிரான்சிஸ் டே 1873-இல் வெளியிட்ட அறிக்கையில் மீன்குஞ்சுகள் அழிக்கப்படுவதைக் கண்டித்தார். அதன்பின் வந்த 1897-ஆம் ஆண்டு இந்திய மீன்வளச் சட்டம் வெடியையும் நஞ்சையும் தடைசெய்து, நிலைப்பொறிகளையும் வலைகளின் அளவையும் விதிகளால் கட்டுப்படுத்த மாகாணங்களுக்கு அதிகாரம் அளித்தது. அதன் கவலை மீன் குறைந்துவிடும் என்பதே. மீன் துடிக்கும் என்பதன்று. 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டமோ மனிதர் அல்லாத எல்லா உயிரையும் விலங்கு என வரையறுத்ததால் மீனும் அதில் அடங்கும். உணவுக்காகக் கொல்வதற்கு அது விலக்கு அளித்தாலும், தேவையற்ற வலி கூடாது என்ற நிபந்தனையை வைத்தது. அந்த நிபந்தனை குளத்துக் கரையை எட்டவில்லை.

1957 ஜூலை 10-இல் ஒடிசாவில் ஹீராலால் சௌதுரியும் கே.எச். அலிகுன்ஹியும் பிட்யூட்டரி சுரப்பிச் சாற்றை ஊசிவழி செலுத்திக் கெண்டை இனங்களை முட்டையிடச்செய்தபின், கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகளை வேண்டியபோது உற்பத்தி செய்ய முடிந்தது. குத்தகைக் குளங்களிலும் அவை பெருகின. ஒரே அளவில் வளர்ந்த மீனை மொத்தமாக வளைக்க இழுவலை வந்தது. ஊத்தா தனித்தனியே எடுத்த உயிரை இழுவலை குவியலாக்கியது. அடியில் கிடக்கும் மீன் மேலுள்ளவற்றின் கனத்தாலும் மூச்சுத் திணறியும் சாகிறது.

1970-ஐ ஒட்டி சால்மன் வளர்ப்பு வேரூன்றிய நார்வே, மீனைக் கொல்லும் முறையில் வேறு வழியில் சென்றது. கரியமில வாயு கரைந்த நீரில் மீனை மயக்கும் பழைய முறையில் மீன் கடுமையாகத் துடித்ததால் அது அங்கே தடைசெய்யப்பட்டு, நீரோட்டத்தை எதிர்த்து நீந்திவரும் மீனின் தலையில் காற்றழுத்தச் சுத்தியல் ஒரே அடியில் நினைவிழக்கச்செய்யும் பொறிகளும் மின்மயக்கப் பொறிகளும் பயன்பாட்டுக்கு வந்தன. ஆண்டில் சில நாள் மட்டும் அறுவடையாகும் குளத்துக்கு அத்தகைய பொறி கட்டுப்படியாகாது. ஆனால் சுத்தியல் பொறியின் அடிப்படை, மூளைக்கு நேர்மேலே விழும் ஓர் உறுதியான அடி. வலையைச் சிறிது சிறிதாக ஒதுக்கி, எடுத்த மீனை உடனே தட்டுவதற்கு முழ நீளக் கட்டை போதும். குளத்துக்குள்ளேயே நிற்கும் கருவேல மரத்திலிருந்து உள்ளூர்த் தச்சர் அதை ஒரு பொழுதில் செய்துவிடுவார்.