காட்சிப்பொருளைக் காக்கும் கட்டடமும் காட்சிப்பொருளே

மும்பை வாழ் தமிழ்க் குடும்பத்தார் பைகுல்லாவிலுள்ள ராணி பாக் தோட்டத்தை நன்கறிவர். விடுமுறை நாளில் அங்கு விலங்குகளைக் காணச் செல்வோருள் பலர், அருகே நிற்கும் டாக்டர் பாவு தாஜி லாட் அருங்காட்சியகத்தை வெளியிலிருந்தே நோக்கிவிட்டு நகர்ந்துவிடுகின்றனர். இந்நகரின் மிகப் பழைய அருங்காட்சியகம் அதுவே.

அதன் வரலாறு ஓர் இழப்பில் தொடங்குகிறது. 1855-இல் கோட்டைப் பகுதியிலிருந்த ஒரு படைவீட்டில் சேர்த்து வைக்கப்பெற்ற பொருள்கள், 1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின்போது படையினருக்கு இடம் வேண்டியதாகி வெளியேற்றப்பெற்றன, பல பாழாயின. ஜகந்நாத் சங்கர்சேட்டும், மருத்துவரும் தொல்பொருள் ஆய்வாளருமான பாவு தாஜியும் முன்னின்று, புதிய இல்லம் எழுப்ப மக்களிடம் பொருள் திரட்டினர். 1862-இல் அடிக்கல் நாட்டப்பெற்ற மாளிகை 1872 மே 2-ஆம் நாள் திறக்கப்பெற்றது. விக்டோரியா-ஆல்பர்ட் என வழங்கிய பெயர் 1975-இல் மாறியது.

பழங்கட்டடத்தைச் சீர்செய்ய முற்படுவோர், ஆராய்வாரை விடுத்துக் கொத்தனாரை முதலில் அழைத்துவிடுவது நம் நாட்டு வழக்கம். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உறிஞ்சி வெளிவிடும் இயல்பினது. அதன்மேல் சிமென்டு பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்துச் சுவரை அரிக்கும். மேற்பூச்சோ புத்தம் புதிதாய்ப் பளபளக்கும்! ஈரம் கூரையிலிருந்து இறங்குகிறதா, நிலத்திலிருந்து ஏறுகிறதா, குழாயிலிருந்து கசிகிறதா என்பதைக் கண்டறிந்த பின்னரே கரண்டியைக் கையிலெடுத்தல் வேண்டும்.

தோட்டத்தில் நிற்கும் கல்யானையும் இதற்கொரு சான்று. காராபுரித் தீவுக்கு எலிபெண்டா என்னும் பெயரைத் தந்த யானை அது. 1864-இல் இங்கிலாந்துக்கு அனுப்பத் தூக்கியபோது பளுதூக்கி முறிந்தது, யானையும் உடைந்தது. பின்னாளில் துண்டுகளை ஒட்டி நிறுத்தினர்.

இன்னொரு சிக்கலும் உண்டு. கட்டடத்திற்குக் காற்றோட்டம் வேண்டும். உள்ளிருக்கும் தந்த வேலைப்பாடுகளுக்கும் பழைய நிலப்படங்களுக்குமோ ஈரமும் வெப்பமும் அடிக்கடி மாறாத நிலை வேண்டும். சன்னல்களை அடைத்துக் குளிர்சாதனம் பொருத்தினால் பொருள் பிழைக்கலாம். சுவர் ஈரம் கோத்துக்கொள்ளும். 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் உருவான நியூ ஆர்லியன்ஸ் சாசனம், இவ்விரண்டனுள் ஒன்றை உயர்த்தி மற்றொன்றைத் தாழ்த்தலாகாது என்றது. கட்டடக் கலைஞரும் பொருள் காப்பாளரும் ஒருங்கே அமர்ந்து திட்டமிடுவதே முறை.

2003-இல் மாநகராட்சி, இன்டாக், ஜம்னாலால் பஜாஜ் அறக்கட்டளை ஆகிய மூன்றும் உடன்படிக்கை செய்து, கட்டடத்தையும் பொருள்களையும் சேர்த்தே செப்பனிட்டன. கட்டடப் பணியை விகாஸ் திலாவரி நடத்தினார். 2005-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் விருது கிட்டியது. 2008 சனவரியில் கதவுகள் மீண்டும் திறந்தன. உள்ளே செல்லும் அன்பர்கள் கண்ணாடிப் பேழைகளை நெருங்குமுன், பொன்முலாம் பூசிய இரும்புத் தூண்களையும் மேல்விதானத்தையும் ஒரு கணம் தலைநிமிர்ந்து காண்பார்களாக.