ஓர் இரவில் கொழும்பு

பசுவந்தனைக் கரிசல் காட்டில் நின்று பார்த்தால் கண்ணுக்கெட்டிய மட்டும் நிலமே தெரியும், கடல் தெரியாது. ஆயினும் இவ்வூர் அடங்கிய ஓட்டப்பிடாரம் வட்டத்துக்கும் கடற்பயண வரலாற்றுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. வ.உ.சிதம்பரம் பிள்ளை 1872-ஆம் ஆண்டில் பிறந்தது ஓட்டப்பிடாரத்தில்தான்.

தூத்துக்குடியிலிருந்து கொழும்பு சுமார் 152 கடல் மைல், அதாவது ஏறத்தாழ 280 கிலோமீட்டர். மாலையில் புறப்படும் கப்பல் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால் 14 மணி நேரத்தில், மறுநாள் காலையில், கரை சேர்ந்துவிடும். இதை ஏழு மணி நேரமாகக் குறைத்தால் என்ன? வேகம் இரு மடங்காக வேண்டும். நீரின் தடையோ வேகத்தின் வர்க்கத்துக்கு ஏறத்தாழ நேர்விகிதத்தில் வளர்வது. எனவே அது நான்கு மடங்காகும். தொலைவு மாறாததால் எரிபொருளும் சுமார் நான்கு மடங்கு செலவாகும். ஆகவே, பயணிகள் உறங்கும் நேரத்தில் நிதானமாகச் செல்வதே சிக்கனம். இராப்பயணத்தின் இரகசியம் இதுதான்.

கப்பலுக்கு மற்றோர் இயல்பும் உண்டு. ஆளுக்கு 60 கிலோ எனக் கொண்டால், ஆயிரம் பயணிகளின் எடை வெறும் 60 டன். கப்பலின் எடையோ பல ஆயிரம் டன். பயணிகள் ஏறினாலும் ஏறாவிட்டாலும் எரிபொருள் செலவு ஏறக்குறைய ஒன்றே. இந்தச் சிறு கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு வரலாற்றைப் பார்ப்போம்.

1876-இல் தூத்துக்குடிக்குப் புகைவண்டிப் பாதை வந்தது. சென்னையிலிருந்து வந்தவர்கள் இங்கே நீராவிக் கப்பலேறிக் கொழும்பு சென்றனர். அக்கப்பல் தொழில் ஆங்கிலேயக் கம்பெனியின் கையில் இருந்தது. 1906-இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கி, 'காலியா', 'லாவோ' என்னும் இரு கப்பல்களை வாங்கினார். எதிர்த்தரப்பு கட்டணத்தைக் குறைத்தது; பிறகு இலவசமாக ஏற்றிச் செல்லவும், குடை அளிக்கவும்கூட முன்வந்தது. ஆள் குறைந்தாலும் செலவு குறையாத தொழிலில், நட்டத்தை நெடுநாள் தாங்கக்கூடியவருக்கே வெற்றி. மக்கள் திரட்டிய பங்குத் தொகைக்கு அந்த வலிமை ஏது? 1908-இல் வ.உ.சி. சிறைப்பட்டார். 1911-இல் கம்பெனி மூடப்பட்டது.

1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டதும் பயணிகள் தனுஷ்கோடி–தலைமன்னார் வழியே செல்லத் தொடங்கினர். அங்கே கடலைக் கடக்கச் சில மணி நேரமே போதுமானதாக இருந்தது. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பின்னர் இராமேசுவரத்திலிருந்து ஓடிய கப்பலும் இலங்கையின் உள்நாட்டுப் போரால் 1980-களில் நின்றது.

2011 ஜூன் 13 அன்று தூத்துக்குடி–கொழும்பு இராக்கப்பல் மீண்டும் புறப்பட்டது. வந்த கப்பலின் பெயர் 'ஸ்கோஷியா பிரின்ஸ்'. முன்பு அமெரிக்காவின் போர்ட்லாந்துக்கும் கனடாவின் யார்மவுத்துக்கும் இடையே இரவுதோறும் ஓடிய கார்க் கப்பல் அது. அத்தகைய கப்பலில் காரைப் பாரந்தூக்கியால் தூக்கி வைக்க வேண்டியதில்லை. அகன்ற கதவு வழியே ஓட்டிச் சென்று கீழ்த்தளத்தில் நிறுத்திவிட்டு, மேல்தள அறையில் உறங்கலாம். ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு அதில் இடம் இருந்தது. ஆனால் போதிய பயணிகள் சேரவில்லை. எரிபொருள் செலவு பழைய கணக்குப்படியே ஏறியது. அதே ஆண்டு நவம்பரில் சேவை நின்றது.

2023 அக்டோபர் 14 அன்று நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் விடப்பட்டது. அது சிறிய, விரைவான பகற்கப்பல். கார் ஏற்றுவதற்கானது அன்று.

வ.உ.சி.யின் கப்பலை முடக்கியது பகைவரின் பண பலமும் ஆட்சியாளரின் அடக்குமுறையும். 2011-இல் அப்படிப்பட்ட பகைவர் எவரும் இல்லை. காலி இருக்கைகளே போதுமானவையாக இருந்தன. புதிய கப்பலொன்று நிலைக்க வேண்டுமானால், மக்கள் அதற்குப் பழகும் வரை முதல் சில ஆண்டுகளின் நட்டத்தைத் தாங்க யாரேனும் முன்வர வேண்டும். அது அரசா, வணிகரா, இரு நாடுகளும் சேர்ந்தா என்பதைத் தீர்மானித்த பிறகே கப்பலைத் தேட வேண்டும்.